சிரிப்பு வலிப்புக்கு வெளிநாட்டில் மூளை அறுவை: எங்கெங்கே தவறு நடக்கிறது?

ஹைப்போதலாமஸ் ஹமார்ட்டோமா என்பது மூளையின் அடியில், உடலின் ஹார்மோன்களையும் நீர்ச்சமநிலையையும் நடத்தும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், கரு வளரும்போதே இடம் தப்பி அமைந்துவிட்ட ஒரு சிறு திசுத் திரள். புற்று இல்லை, பரவவும் செய்யாது. ஏறக்குறைய 2 லட்சம் பேரில் ஒருவருக்கு இருக்கலாம். சந்தோஷமே இல்லாமல் சில வினாடிகள் வந்துபோகும் சிரிப்புதான் இது கிளப்பும் வலிப்பின் அடையாளம். மருந்துக்கு இது பெரும்பாலும் அடங்காது. அடங்காதபோதுதான் பெற்றோர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று தேட ஆரம்பிக்கிறார்கள்.

பெரிய தவறு அங்கேயே நடக்கிறது. கட்டியின் வடிவத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஊரை முடிவு செய்துவிடுகிறார்கள். பாரிஸில் டெலாலாந்து என்ற அறுவை மருத்துவர் வகுத்த முறைப்படி இதில் நான்கு வகை: ஹைப்போதலாமஸுக்குக் கீழே கிடைமட்டமாக ஒட்டியிருப்பது, மூளை நடுவே நீர் நிறைந்த அறையான மூன்றாம் வென்ட்ரிக்கிளுக்குள் நிற்பது, இரண்டும் கலந்தது, மிகப் பெரியது. கீழே ஒட்டியதற்கு ஒரு வழி சரிப்படும், உள்ளே நிற்பதற்கு வேறு வழி. ஹூஸ்டனில் எம்ஆர்ஐ பார்த்துக்கொண்டே லேசரால் சுடுகிறார்கள். ஜப்பானின் நீகாட்டாவில் மெல்லிய மின்முனையைச் செலுத்தி ரேடியோ அலை வெப்பத்தால் கருக்குகிறார்கள். மெல்போர்னில் இரு அரைக்கோளங்களுக்கு நடுவே மேலிருந்து இறங்கும் வழி வளர்ந்தது. அமெரிக்காவின் பீனிக்ஸில் எண்டோஸ்கோப் எனும் மெல்லிய கேமராக் குழாய், பிரான்ஸின் மார்செய்யில் காமா நைஃப் எனும் குவிந்த கதிர்வீச்சு. காமா நைஃபில் கத்தி படாது. ஆனால் பலன் தெரிய மாதங்கள் ஆகும், சிலருக்கு 2, 3 ஆண்டுகள்கூட. தினமும் பலமுறை வலிப்பு வரும் குழந்தைக்கு அது நீண்ட காத்திருப்பு.

எந்த மையமும் தனக்குக் கைவந்த முறையைத்தான் முதலில் சொல்லும், அது இயல்பு. அதனால் வேறு வேறு முறை செய்யும் இரண்டு மையங்களிலாவது கருத்துக் கேளுங்கள். அதற்கும் முன்னால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா, வேலூர் சிஎம்சி போன்ற வலிப்பு அறுவைப் பிரிவுகளில் காட்டிவிடுவது நல்லது. பயணமே தேவைப்படாமல் போகலாம்.

ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாராலும் வகை சொல்ல முடியாது. 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள எம்ஆர்ஐயின் முழு டைகாம் கோப்புகள், அதாவது கருவியின் மூல டிஜிட்டல் படங்கள், வேண்டும். அதில் சுமார் 1 மி.மீ. கனமுள்ள டி1 முப்பரிமாணத் தொடரும், ஹைப்போதலாமஸ் வழியே நெருக்கமாக எடுத்த கொரோனல் (முகத்துக்கு இணையான வெட்டு) டி2 தொடரும் இருக்கட்டும்; டி1, டி2 என்பவை எம்ஆர்ஐ பட வகைகள். கான்ட்ராஸ்ட் ஊசிக்குக் கட்டி ஒளிர்ந்தால் நிறுத்துங்கள். ஹமார்ட்டோமா பொதுவாக ஒளிராது. நோயறிதலையே மறுபடி பார்க்க வேண்டும். மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இஇஜியை மட்டும் நம்புவதும் ஆபத்து. வலிப்பு ஆழத்தில் பிறப்பதால் தலைமேல் ஒட்டும் மின்முனைகள் டெம்போரல் (பக்கவாட்டு) மடலையோ முன்மடலையோ காட்டிவிடும். அதை நம்பி டெம்போரல் மடலை அறுத்தும் வலிப்பு நிற்காத நோயாளிகள் முன்பு பலர்.

இதே கட்டியால் சில குழந்தைகள் சீக்கிரம் பூப்படைவதும் உண்டு. வலிப்பு இல்லாமல் அது மட்டுமே பிரச்சினை என்றால் அறுவை தேடி ஓட வேண்டாம். பூப்பு ஹார்மோனை அடக்கும் லியூப்ரோலைடு வகை ஊசிக்கே அது கட்டுப்படும்.

அவசரத்தில் பலர் விடுவது, புறப்படும் முன் எடுக்க வேண்டிய அடிப்படைப் பரிசோதனைகள். காலை 8 மணி கார்டிசால், தைராய்டு, சோடியம், எல்எச், எஃப்எஸ்எச் என்ற பூப்பு ஹார்மோன்கள், உடல் எடை, கூடவே நினைவாற்றல் சோதனை. நினைவைச் சுமக்கும் ஃபார்னிக்ஸும் மாமில்லரி முடிச்சுகளும் கட்டியை ஒட்டியே இருக்கின்றன. அறுவைக்குப் பின் பிள்ளை பாடத்தை மறக்கிறான் என்றால், முன்பே இருந்ததா புதிதா என்று சொல்ல ஒரு தாள் கையில் இருக்க வேண்டும். வலிப்பைக் குறைக்கக் கழுத்து நரம்பைத் தூண்டும் விஎன்எஸ் கருவி உடலில் இருந்தால் அதன் மாடல் அட்டையையும் முன்கூட்டியே அனுப்புங்கள். லேசர் சிகிச்சை எம்ஆர்ஐக்குள் நடப்பதால் அங்கே போனபின் தெரிந்தால் தேதி தள்ளும்.

எஸ்டிமேட்டில் அறுவைத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். மயக்க மருந்து, கூடுதல் ஐசியூ நாள், தேவைப்பட்டால் இரண்டாவது அமர்வு ஆகியவை உள்ளடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். இந்த நோயில் இரண்டாவது முறை செய்வது அபூர்வம் அல்ல. ஜப்பானில் 2011 முதல் சிகிச்சைக்கென்றே தனி வீசா உண்டு. பதிவுபெற்ற உத்தரவாத நிறுவனம் வழியாகத்தான் அது கிடைக்கும். உடன் செல்பவருக்கும் அதுவே. மருத்துவர் சீட்டுள்ள மாத்திரைகளை அங்கே ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோக முன் அனுமதி தேவை. ஆம்ஃபெட்டமின் கலந்த மருந்து, சீட்டு இருந்தாலும், அறவே கூடாது.

திரும்பும் டிக்கெட்டை ஐந்தாம் நாளுக்குப் போடுவது இன்னொரு விபரீதம். ஹைப்போதலாமஸ் தொடப்பட்டால் முதல் சில நாள் சிறுநீர் கட்டுக்கடங்காமல் போய் சோடியம் ஏறும். பிறகு, பெரும்பாலும் முதல் வாரக் கடைசியில், நிலைமை தலைகீழாகி உடல் தண்ணீரைப் பிடித்து வைக்கும், சோடியம் சரியும். எல்லாருக்கும் இது வராது. வந்தால், விமானத்தில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மண்டையைத் திறந்தோ எண்டோஸ்கோப்பிலோ செய்திருந்தால் உள்ளே தங்கிய காற்று கரைந்ததா என்று சிடியில் பார்த்த பிறகே பறக்க வேண்டும்; விமான அறையின் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம், அடைபட்ட காற்று அங்கே விரியும்.

சிரிப்பு நின்றுவிட்டது என்று வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவர்களும் உண்டு. குறைப்பதை உள்ளூர் நரம்பியல் மருத்துவர் மாதக்கணக்கில் மெல்லச் செய்வார். சிறுநீர்ப் போக்கைக் குறைக்கும் டெஸ்மோப்ரெசின் எழுதித் தந்திருந்தால், மூக்கு ஸ்பிரேயின் அளவும் மாத்திரையின் அளவும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நீங்களே மாற்றாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கிறதா பாருங்கள். குடித்த தண்ணீர், போன சிறுநீர், எடை மூன்றையும் தினமும் எழுதி வையுங்கள். ஊர் திரும்பியபின் வாந்தி, மந்தம், திடீர் வலிப்பு எது வந்தாலும் வலிப்பு மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.