தமிழ்ப் பாடத்தை வாசிக்கும் செயலி, வகுப்பைப் பதியும் கருவி: மாற்றுத்திறன் மாணவருக்குத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பார்வையற்ற மாணவருக்கும், எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்ஸியா உள்ள மாணவருக்கும் காதால் கேட்டுப் படிப்பது பெரிய துணை. ஆனால் ஆங்கிலத்தைச் சரளமாக வாசிக்கும் கருவி தமிழ்ப் பாடத்தில் தடுமாறுவது, வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. ஆகவே கடைக்குப் போகுமுன் மாணவருடைய பாடத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை எல்லாம் அந்தப் பக்கத்தில்தான்.

படி 1: முதலில் கோப்பு

பி.டி.எஃப்.பில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள்.

தமிழாகவே விழுந்தால் அது யூனிகோட், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. பெரும்பாலும் சிக்கல் இல்லை. கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் மட்டும் ஆசிரியரிடம் மூல வேர்டு கோப்பைக் கேளுங்கள்.

ஆங்கில எழுத்துகளாக விழுந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லைக் கணினி ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்றுதான் பார்க்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குரலானாலும் இதை வாசிக்காது. எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடாக மாற்றிய பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

எதையும் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), பக்கம் சாயாமல் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். ‘ர’வும் காலும், எகர ஏகாரக் கொம்புகளும் அடிக்கடி மாறிப்போகும். பார்க்கக்கூடிய ஒருவர் ஒருமுறை சரிபார்த்துத் தருவது அவசியம்.

நூலை இப்படி மாற்றலாமா என்று தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக அணுகத்தக்க வடிவில் நூல்களை ஆக்க, 2012 திருத்தத்துக்குப் பிந்தைய இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. வேலையைத் தொடங்குமுன் அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்கான சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிடுங்கள்.

படி 2: குரல்

பார்வையற்ற மாணவருக்குக் கணினியை இயக்கவே குரல் வேண்டும். விண்டோஸில் இலவசமான என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருள்) போதும். அதனுடன் வரும் ஈஸ்பீக் தமிழ்க் குரல் இயந்திரத்தனமாக இருக்கும். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொல் தெளிவாக விழும், இணையமும் தேவையில்லை. முதல் நாளே பிடிக்கவில்லை என்று ஒதுக்காமல் இரண்டு வாரம் பழகவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானை இயக்கி, கூகுளின் தமிழ்க் குரலை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

டிஸ்லெக்ஸியா உள்ளவருக்கு முழுத் திரைவாசிப்பான் தொந்தரவாகத்தான் இருக்கும். வாசிக்கும் சொல் திரையில் ஒளிர வேண்டும். கண்ணும் காதும் சேர்ந்து போவதில்தான் பயன். எட்ஜ் உலாவியில் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், ஷிப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பல்லவி, வள்ளுவர் என்ற இயல்பான தமிழ்க் குரல்கள் கிடைக்கும். இவற்றுக்கு இணையம் வேண்டும்.

எந்தக் குரலானாலும் ஆண்டுகள், ‘கி.மு.’ போன்ற சுருக்கங்கள், கிரந்த எழுத்து, நடுவே வரும் ஆங்கிலச் சொல் ஆகியவை உள்ள பத்தியை வாசிக்கவிட்டுக் கேளுங்கள். தடுமாற்றம் அங்கேதான் வெளிப்படும். வேகத்தை மாணவரே வைக்கட்டும்.

படி 3: வகுப்புப் பதிவு

ஆசிரியரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். பிறகு கவனிக்க வேண்டியது தூரம். பேசுபவரிடமிருந்து தூரம் இரட்டிப்பானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். மின்விசிறி இரைச்சலோ குறையாது. கடைசி பெஞ்சில் வைத்த விலையுயர்ந்த ரெக்கார்டரைவிட ஆசிரியர் மேசையில் வைத்த சாதாரண போன் மேல். அடியில் மடித்த கைக்குட்டை ஒன்றை வையுங்கள். மேசை தட்டும் ஓசை ஏறாது.

மோனோ (ஒரே ஒலித்தடம்), எம்பி3 (சுருக்கிய ஒலிக்கோப்பு), 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) பேச்சுக்குப் போதும்: ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்.பி. அதே நேரத்துக்கு சுருக்காத வேவ் கோப்பு (மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்) சுமார் 318 எம்.பி. பிடிக்கும்.

போனில் பதிந்தால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம். பேட்டரி சேமிப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்கும் கொடுங்கள். இல்லையென்றால் திரை அணைந்த சிறிது நேரத்தில் போனே அதை நிறுத்திவிடக்கூடும்.

தனி ரெக்கார்டர் வாங்குவதானால், பார்வையற்ற மாணவர் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு, நிறுத்தம் இரண்டும் தனித்தனிப் பொத்தானாக, தொட்டாலே வேறுபாடு தெரியும்படி இருக்க வேண்டும். பதிவு தொடங்கியதை ஒலியால் சொல்லாத கருவி வேண்டவே வேண்டாம். பேச்சு வந்தால் மட்டும் பதியும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்; ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் அசையையும் அது விழுங்கும்.

அன்றைக்கே கோப்புக்கு ‘2025-07-14 வரலாறு’ என்பதுபோலத் தேதியை முன்னால் வைத்துப் பெயரிடுங்கள். திரைவாசிப்பான் பட்டியலை வரிசையாக வாசிக்கும்போது தேடும் வகுப்பு உடனே அகப்படும்.