பெட்ரோல் கார்டின் விதி மாறினால் லிட்டருக்கு என்ன மிஞ்சும்? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

என் பெட்ரோல் கார்டை, அதாவது பெட்ரோல் போட்டால் பாயின்ட் தரும் கிரெடிட் கார்டைக் கொடுத்த வங்கியிலிருந்து கொஞ்ச நாளைக்கு முன் ஒரு மெயில் வந்தது. கார்டின் வெகுமதித் திட்டத்தை "மேம்படுத்துகிறார்களாம்". மேம்படுத்துகிறோம் என்று வங்கி சொன்னால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். முதல் பத்தியில் நன்றி, இரண்டாவது பத்தியில் பெருமை, மூன்றாவதாகப் பொடி எழுத்தில் விஷயம்: ஒரு பில்லிங் சைக்கிளில் (ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் நடுவில் உள்ள மாதத்தில்) கிடைக்கும் பாயின்ட்டுக்கு இருந்த உச்சவரம்பு பாதியாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நடுவில் ஓரிடத்தில் சறுக்கினேன். அந்த இடத்தை மட்டும் கீழே கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன். கார்டு எப்படி வாங்குவது, எப்படி பில் கட்டுவது எல்லாம் இங்கே இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

படி 1: மெயிலில் எதைத் தேடுவது

விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட "13 மடங்கு", "5 சதவீதம்" போன்ற எண்ணில் பெரும்பாலும் கை வைக்க மாட்டார்கள். அது போஸ்டரில் இருக்கிற எண். அதன் பின்னால் இருப்பதில்தான் கை வைப்பார்கள். மாற்றம் எந்தத் தேதியிலிருந்து, மாத உச்சவரம்பு எவ்வளவு, ஒரு பாயின்ட்டின் ரூபாய் மதிப்பு என்ன, எந்தச் செலவுக்குப் பாயின்ட் கிடையாது. இந்த நான்கையும் மெயிலில் தேடி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சர்சார்ஜையும், அதாவது பங்க்கில் கார்டு தேய்த்தால் விழும் 1 சதவீதக் கூடுதல் கட்டணத்தையும், விட்டுவிடாதீர்கள். பாயின்ட்டைத் தொடாமலேயே பெட்ரோல் செலவை ஏற்றலாம். 2024 ஆகஸ்ட் 1 முதல் ஹெச்டிஎஃப்சி வங்கி, ஒரே தடவையில் 15,000 ரூபாய்க்கு மேல் எரிபொருள் போட்டால் 1 சதவீதக் கட்டணம் என்று கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் ஐசிஐசிஐ வங்கி, பெரும்பாலான கார்டுகளுக்கு மாதம் 50,000 ரூபாய் வரையிலான எரிபொருள் செலவுக்குத்தான் சர்சார்ஜ் தள்ளுபடி என்று வரம்பு கட்டியது. ஒரு காரும் ஒரு ஸ்கூட்டரும் வைத்திருக்கும் வீட்டுக்கு இவை வலிக்காது. நாலைந்து வண்டி ஓட்டும் டிராவல்ஸ்காரருக்கு வலிக்கும்.

படி 2: மூன்று மாத ஸ்டேட்மென்ட்

ஆப்பில் பார்க்காதீர்கள், பி.டி.எஃப் ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். ஆப்பில் வண்ணப் படம் போட்டு "இந்த மாத எரிபொருள்" என்று ஒரு வட்டம் காட்டும்; அதில் பங்க் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலும் சேர்ந்திருக்கும். எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. பெட்ரோல் போட்ட பதிவு மூன்று மாதத்துக்கு மிஞ்சிப்போனால் இருபது வரி வரும். கோடு போட்ட நோட்டும் பேனாவும் போதும். கையால் எழுதினால்தான் கண்ணில் உறுத்தும்.

படி 3: பாயின்ட்டை ரூபாயாக்குவது

ஒரு பாயின்ட் எத்தனை ரூபாய் என்பது, அதை எங்கே செலவழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தியன் ஆயில் ஹெச்டிஎஃப்சி கார்டு நல்ல உதாரணம். அதன் ஒரு ஃப்யூயல் பாயின்ட்டை இந்தியன் ஆயிலின் சொந்த வெகுமதித் திட்டமான எக்ஸ்ட்ராரிவார்ட்ஸுக்கு மாற்றினால் மூன்று பாயின்ட், அதாவது 96 பைசா. அதே பாயின்ட்டை வங்கியின் கேட்டலாக்கில் மிக்ஸி, பை என்று வாங்கச் செலவழித்தால் 20 பைசா. ஒரே பாயின்ட்தான், போகிற வாசல்தான் வேறு. கேட்டலாக் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

அதே கார்டில் இன்னொன்று. முதல் ஆறு மாதம் எரிபொருளுக்கு மாதம் 250 பாயின்ட் வரை, அதற்குப் பிறகு 150. இந்த மாற்றத்துக்கு யாரும் மெயில் அனுப்பத் தேவையில்லை. முதல் நாளே விதியில் எழுதி வைத்தது. ஏழாவது மாதம் "என்னவோ குறையுதே" என்று தோன்றினால் இதுதான் காரணம்.

படி 4: உச்சவரம்பு

பிபிசிஎல் எஸ்பிஐ கார்டின் பழகிய கணக்கை எடுத்துக்கொள்வோம். பாரத் பெட்ரோலியம் பங்க்கில் 100 ரூபாய்க்கு 13 பாயின்ட். நான்கு பாயின்ட் ஒரு ரூபாய். ஆக 100 ரூபாய்க்கு 3.25 ரூபாய். ஒரு பில்லிங் சைக்கிளுக்கு உச்சவரம்பு 1,300 பாயின்ட். அது 10,000 ரூபாய் பெட்ரோலோடு தீர்ந்துவிடும். கையில் நிற்பது 325 ரூபாய். சர்சார்ஜ் தள்ளுபடிக்கும் சைக்கிளுக்கு 100 ரூபாய்தான் வரம்பு, அதுவும் அதே 10,000-ல் முடிகிறது.

இப்போது மாதம் 16,000 ரூபாய்க்குப் போடுகிறவரைப் பாருங்கள். பாயின்ட்டில் வருவது அதே 325. சர்சார்ஜ் 160, அதன் மேல் ஜிஎஸ்டி 28.80, சேர்த்து 188.80. திரும்பி வருவது 100. கையை விட்டுப் போனது 88.80. மிச்சம் 236.20. போஸ்டரில் 4.25 சதவீதம் (பாயின்ட் 3.25, சர்சார்ஜ் தள்ளுபடி 1) என்று படித்தவருக்கு உண்மையில் கிடைப்பது ஒன்றரை சதவீதம்கூட இல்லை.

பில்லிங் சைக்கிள் என்பது காலண்டர் மாதம் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் கார்டில் 18-ம் தேதி சைக்கிள் முடியும். ஒன்றாம் தேதி புது மாதம் என்று நினைத்துக்கொண்டு டேங்க் நிரப்பியதெல்லாம் பழைய வரம்பிலேயே போயிருக்கிறது.

படி 5: சர்சார்ஜ் (நான் சறுக்கிய இடம்)

பங்க்கில் கார்டு தேய்த்தால் 1 சதவீதம் சர்சார்ஜ் விழும், அதை வங்கி பிறகு திருப்பிக் கொடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்லிப்பில் 2,000 என்று இருக்கும்; ஸ்டேட்மென்ட்டில் 2,023.60 என்று வரும். 20 ரூபாய் சர்சார்ஜ், 3.60 அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. சில நாள் கழித்து 20 ரூபாய் திரும்ப வரவாகும். 3.60 வராது. அந்த வரியைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்று விதியிலேயே இருக்கிறது. 100 ரூபாய்க்கு 18 பைசா, அவ்வளவுதான். ஆனால் "சர்சார்ஜ் முழுத் தள்ளுபடி" என்று நம்பி நான் முதலில் போட்ட கணக்கு இந்த 18 பைசாவால்தான் ஒருபோதும் ஸ்டேட்மென்ட்டோடு பொருந்தவில்லை.

பெரிய சறுக்கல் வேறு. தள்ளுபடிக்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் உண்டு. பல கார்டுகளில் 400 ரூபாய்க்குக் குறைந்தால் கிடையாது. 4,000 அல்லது 5,000-ஐத் தாண்டினாலும் கிடையாது. என் கார்டுக்கு 4,000. ஊருக்குப் போகிற அவசரத்தில் "ஃபுல் பண்ணிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு டயருக்குக் காற்று பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் மீட்டரில் 4,060. தாண்டிய 60 ரூபாய்க்கு மட்டும் தள்ளுபடி போகும் என்று நினைத்தேன். இல்லை, முழுவதும் போனது. ஸ்டேட்மென்ட்டில் 4,107.91. 47 ரூபாய் 91 பைசாவும் என் தலையில். வாடிக்கையாளர் சேவையில் இருந்த பெண்ணிடம் இருபது நிமிடம் வாதாடினேன். அவர் பொறுமையாக விதியின் எண்ணைச் சொல்லி, "படிச்சுப் பாருங்க சார்" என்றார். படித்தேன். அவர் சொன்னதுதான் சரி.

எனவே நோட்டில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எல்லைக்குள் இருந்தால் ஒரு டிக், வெளியே போயிருந்தால் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். எனக்கு மூன்று மாதத்தில் ஒன்பது குறுக்குக் கோடு. எட்டு, ஸ்கூட்டருக்குப் போட்ட 200, 300 ரூபாய் பெட்ரோல். மிச்சம் ஒன்று மேலே சொன்ன மகாத்மியம்.

இன்னொன்று, எந்த மெஷின் என்பது. பங்க்கில் இரண்டு மூன்று வங்கிகளின் ஸ்வைப் மெஷின் இருக்கும். சில கார்டுகளுக்கு, கார்டு கொடுத்த வங்கியின் மெஷினில் தேய்த்தால்தான் தள்ளுபடி. உங்கள் கார்டு அந்த ரகமா என்று விதியில் பார்த்துவிட்டு, பங்க்கில் கேட்டு வாங்கித் தேயுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 6: லிட்டருக்கு எவ்வளவு

எல்லாவற்றையும் லிட்டராக்கிவிடுங்கள். சதவீதம் மூளையில் தங்காது, லிட்டர் கணக்கு தங்கும்.

என் கணக்கு இது. வசதிக்காக லிட்டர் 100 ரூபாய். காருக்கு மாதம் 9,500 ரூபாய், அதாவது 95 லிட்டர். 3 சதவீதம் பாயின்ட். பழைய வரம்பு 300 ரூபாய். அப்போது கிடைத்தது 285. ஜிஎஸ்டியில் போனது 17.10. மிச்சம் 267.90, லிட்டருக்கு 2.82 ரூபாய். புதிய வரம்பு 150. அதே 17.10 போக 132.90, லிட்டருக்கு 1.40. ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டியோடு 590. அது தள்ளுபடி ஆகாவிட்டால் மாதம் 49 ரூபாய் இதிலும் போகும். அப்போது லிட்டருக்கு 88 பைசா.

ஆக வங்கி "மேம்படுத்தியதில்" எனக்குப் பாதி போனது. கார்டைத் தூக்கிப் போடலாமா? சாதாரண கார்டுகள் பலவற்றில் பெட்ரோலுக்குப் பாயின்ட்டே கிடையாது. 1.40 என்றால்கூட வருடத்துக்கு ஏறக்குறைய 1,600 ரூபாய். கட்டணம் தள்ளுபடி ஆகிற அளவுக்குச் செலவு இருக்கிறவரை வைத்துக்கொள்வேன் என்று முடிவு செய்தேன். ஆனால் 5,000 ரூபாய் தாண்டியதும் அந்தச் சைக்கிளில் கார்டை எடுப்பதில்லை. அதற்கு மேல் தேய்த்தால் பாயின்ட் பூஜ்யம், ஜிஎஸ்டி மட்டும் போகும்.

முடித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு: ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலின்படி, கட்டணங்களை மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், அந்த மாற்றம் பிடிக்காமல் கார்டைத் திருப்பிக் கொடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. பாக்கி எல்லாம் கட்டியிருந்தால் கோரிக்கை வந்த ஏழு வேலை நாளுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். அதற்கு முன் சேர்த்த பாயின்ட்டைச் செலவழித்துவிடுங்கள். கார்டு போனால் பாயின்ட்டும் போகும்.

பிறகு சேர்த்தது

ஒருவர் கேட்டார்: "பங்க்கில்தான் ஆயில் மாற்றினேன், பாயின்ட் வரவில்லை." வங்கிக்கு உங்கள் பில் தெரியாது, கடைக்குக் கொடுத்த வகை எண்தான் தெரியும். பெட்ரோல் பங்க் என்றால் 5541 அல்லது 5542. சர்வீஸ் பகுதி வேறு எண்ணில் பதிவாகியிருந்தால் அது எரிபொருள் இல்லை. மின்சார வண்டி சார்ஜிங்குக்கு 5552 என்று தனி எண், அதனால் அதுவும் பல கார்டுகளில் பெட்ரோல் கணக்கில் வராது.

இன்னொருவர் க்யூஆர் ஸ்கேன் செய்து கட்ட முடியவில்லை என்றார். யுபிஐயில் ரூபே கிரெடிட் கார்டு மட்டும்தான் இணையும். விசா, மாஸ்டர்கார்டு இணையாது. ரூபே என்றாலும் க்யூஆர் கடையின் பெயரில் இருக்க வேண்டும். அவர் ஸ்கேன் செய்தது பங்க் ஊழியரின் சொந்த நம்பராம்.

வீட்டில் இரண்டாவது கார்டு வாங்கினால் வரம்பு இரட்டிப்பாகுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். துணைக் கார்டு என்றால் பொதுவாக ஆகாது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே வரம்பு. என் மனைவியும் இதைத்தான் முதலில் கேட்டாள்.

ஸ்கூட்டருக்கு இப்போது கார்டே எடுப்பதில்லை. காருக்கு, டேங்க் அடியில் இருந்தாலும், "3,900-க்குப் போடுங்கண்ணே" என்கிறேன். பழகிப்போய்விட்டது. போன வாரம் நான் கண்ணாடியை இறக்குவதற்குள் அவரே, "3,900 தானே சார்?" என்றார்.