நெஞ்செரிச்சலுக்கு ஆப்பசோடா: எப்போது குடிக்கலாம், எவ்வளவு, யார் தொடவே கூடாது

வயிறு சரியில்லை என்று வாயைத் திறந்தால் போதும், "கொஞ்சம் ஆப்பசோடா கலக்கிக் குடி மக்களே, இப்ப சரியாயிரும்" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். அது முழுக்கத் தப்பான யோசனை இல்லை. ஆனால் எந்த மாதிரி கோளாறுக்கு, எவ்வளவு சோடா, அப்போது வயிறு எப்படி இருக்க வேண்டும் என்பதை யாரும் கூடவே சொல்வதில்லை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆப்பசோடா டப்பாவை அதிகம் தேடுவது கல்யாண வீட்டில் அடைப்பிரதமனும் பால்பாயசமும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து, வயிறு கும்மென்று இருக்கிற நேரத்தில். அதுதான் சோடாவைத் தொடவே கூடாத நேரம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் கீழே வருகிறது.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆப்பசோடா, சமையல் சோடா, பேக்கிங் சோடா எல்லாம் ஒன்றுதான், சோடியம் பைகார்பனேட். இது வயிற்றில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்ததும் உப்பாகவும் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகவும் மாறிவிடுகிறது. அமிலம் குறைவதால் எரிச்சல் சில நிமிடத்திலேயே தணிகிறது, வாயு ஏப்பமாக வெளியே வருகிறது. அந்த ஏப்பத்தைப் பார்த்துத்தான் "உள்ளே இருந்த கேஸ் போயிற்று" என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த கேஸில் பெரும்பங்கு சோடாவே உண்டாக்கியது. அதனால் புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், அமிலம் தொண்டை வரை ஏறி வருவது, இதற்குத்தான் சோடா உதவும். வயிற்று உப்புசம், பலாச்சக்கையோ மரச்சீனிக்கிழங்கோ அதிகமாகத் தின்று வந்த வாயு, மலச்சிக்கல், பேதி, இதற்கெல்லாம் சோடாவால் பலன் இல்லை. உப்புசத்தில் குடித்தால் இருக்கிற காற்றோடு இன்னும் காற்று சேரும், அவ்வளவுதான்.

பெட்டிக்கடையில் கிடைக்கிற கோலி சோடா வேறு. அது வெறும் தண்ணீரில் வாயுவை ஏற்றியது, அமிலத்தை அது தணிக்காது.

எந்தப் பொடியை எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு அமிலப் பொடியும் மாவும் கலந்திருக்கும், அது இதற்கு ஆகாது. துணிக்குப் போடுகிற வாஷிங் சோடா சோடியம் கார்பனேட், காரம் ரொம்ப அதிகம், வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும். சந்தையில் தாளில் மடித்துத் தரும் வெள்ளைப் பொடியை நம்பிக் குடிக்க வேண்டாம். எலுமிச்சம்பழம் பிழிந்து நுரைக்கிறதா என்று பார்த்துச் சிலர் முடிவு செய்கிறார்கள், ஆனால் வாஷிங் சோடாவும் அதே மாதிரி நுரைக்கும். சோடியம் பைகார்பனேட் என்றும், உணவுப் பொருள் என்பதற்கான எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். டப்பாவில் கொட்டினால் மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள், ஏனென்றால் ராத்திரி எரிச்சலோடு எழுந்து வருகிறவர் அரைத் தூக்கத்தில்தான் அந்த டப்பாவை எடுப்பார்.

சரி, இனி அளவு. வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு, கண்ணளவில் போட்டால் இரண்டு மடங்கு கூட விழும். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் சின்ன மூடி இருக்கும் அல்லவா, அதில் 2.5 மில்லி, 5 மில்லி என்று கோடு போட்டிருக்கும். நன்றாகக் கழுவித் துடைத்த மூடியில் 2.5 கோடு வரை பொடியைப் போட்டு, மூடியை லேசாகத் தட்டி மட்டமாக்கினால் அதுதான் அரை டீஸ்பூன். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு அதுதான் உச்ச அளவு. முதல் முறை குடிப்பவர் அதில் பாதியோடு ஆரம்பியுங்கள், பல பேருக்கு அதுவே போதும்.

அரை டீஸ்பூனுக்குத் தண்ணீர் குறைந்தது 120 மில்லி, அதாவது சாதாரண டம்ளரில் பாதிக்கு மேல். முழு டம்ளர் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பச்சைத்தண்ணீரோ இளஞ்சூடோ எதுவானாலும் சரி. பொடியைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள், அடியில் ஒரு துகள்கூடத் தங்காமல், தண்ணீர் திரும்பத் தெளிவாகும் வரை. கரையாத பொடி வயிற்றில் போய் விழுந்தால் அமிலத்தோடு மொத்தமாகச் சேர்ந்து ஒரே மூச்சில் வாயுவைக் கிளப்பும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதாக இருந்தால் டம்ளரிலேயே நுரை முழுவதும் அடங்கட்டும், நுரைக்கும்போதே மடமடவென்று குடிக்க வேண்டாம். சாறு சேர்த்தால் சோடாவில் ஒரு பங்கு அதிலேயே தீர்ந்துவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். உட்கார்ந்து மெதுவாகக் குடியுங்கள், குடித்ததும் படுக்காதீர்கள்.

பாலில் கலக்கவே வேண்டாம். பாலும் கால்சியம் மாத்திரையும் அதிகம் எடுப்பவர்கள் சோடாவையும் அடிக்கடி குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் வரை பாதிக்கும்.

இப்போது கல்யாணச் சாப்பாட்டுக்கு வருவோம். இலையில் பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம், மோர், நடுவில் பாயசம் இரண்டு கை, அப்புறம் வாழைப்பழம், தண்ணீர். வயிறு இழுத்துக் கட்டிய மாதிரி விரிந்து நிற்கிறது. அரை டீஸ்பூன் சோடா இரண்டு கிராமுக்கு மேல் வரும், அது முழுவதும் வினைபுரிகிற அளவுக்கு அமிலம் இருந்தால் அரை லிட்டருக்கு மேல் வாயு உண்டாகும். ஏற்கெனவே முட்டி நிற்கிற வயிற்றில் இவ்வளவு காற்று எங்கே போகும்? ஏப்பமாக வெளியே வந்துவிட்டால் பிரச்சினை இல்லை, வராவிட்டால் வயிறு தாங்காது. வயிறு முட்டத் தின்றும் குடித்தும் இருந்தவர்கள் சோடா குடித்ததும் இரைப்பையே கிழிந்துபோன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் உயிர் போகிற விஷயம். மது குடித்த பிறகும் இதே ஆபத்துதான். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, வயிறு இளகின பிறகும் எரிச்சல் இருந்தால் மட்டும் சோடாவைப் பற்றி யோசியுங்கள். அதுவரை வேட்டியையோ பெல்ட்டையோ தளர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்காருங்கள், முற்றத்தில் மெதுவாக நடங்கள். சோடா குடித்த பிறகு வயிறு கல் மாதிரி இறுகி, தாங்க முடியாத வலி வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு நாளில் எத்தனை தடவை? ஒரு தடவை குடித்தால் அடுத்ததற்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அமெரிக்காவில் விற்கிற பாக்கெட்டில் 60 வயதுக்குக் கீழே உள்ளவர் 24 மணி நேரத்தில் அரை டீஸ்பூன் வீதம் 7 தடவைக்கு மேலும், 60 தாண்டியவர் 3 தடவைக்கு மேலும் எடுக்கக் கூடாது என்றும், அந்த உச்ச அளவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது என்றும் போட்டிருக்கிறார்கள். என் கருத்தில் நமக்கு அதுவே ரொம்ப அதிகம். காரணம் உப்பு. அரை டீஸ்பூன் சோடாவில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 2000 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் தினமும் இலையில் இருக்கிற வீட்டில் அந்தக் கணக்கு சோடா இல்லாமலேயே தாண்டியிருக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதுவும் எப்போதாவது. ஒரு வாரத்தில் திரும்பத் திரும்ப டப்பாவைத் தேடுகிறீர்கள் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

பிரஷர் உள்ளவர்கள், இதய பலவீனம் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு, ஈரல் கோளாறு, கால் வீக்கம் உள்ளவர்கள் இதைக் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு நெஞ்செரிச்சல் சகஜம், ஆனால் சோடாவால் உடம்பில் நீர் தங்கும், டாக்டரிடம் கேட்டால் அவர்களுக்கு ஒத்துவரும் வேறு மருந்து தருவார். பிள்ளைகளுக்கு வீட்டில் சோடா கொடுக்கவே வேண்டாம். கைக்குழந்தை வயிறு வலித்து அழுகிறது என்று ஒரு துளி கலக்கிக் கொடுப்பதும் ஆபத்து, அந்தச் சின்ன உடம்பில் ரத்தத்தின் அமில கார நிலை சட்டென்று மாறி வலிப்பு வரை போகலாம்.

கடையில் வாங்குகிற ஈனோ மாதிரி பழ உப்பிலும் இதே சோடியம் பைகார்பனேட்தான், கூடவே சிட்ரிக் அமிலம். ஆகவே மேலே சொன்ன விலக்கெல்லாம் அதற்கும் உண்டு. சோடாவும் குடித்து அதையும் குடிப்பது ஒன்றையே இரண்டு தடவை குடிப்பதுதான்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் சோடாவுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். வயிற்று அமிலம் குறைந்தால் இரும்புச்சத்து மாத்திரை சரியாக உடம்பில் சேராது, சில ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சைக்கான மாத்திரையும் அப்படித்தான். அமிலத்தில் கரையாத மேல்பூச்சு போட்ட மாத்திரைகள் உண்டு, காலையில் வெறும் வயிற்றில் போடுகிற பான்டோபிரசோல் அதில் ஒன்று. சோடா குடித்தால் அந்தப் பூச்சு வயிற்றிலேயே கரைந்துவிடலாம். நீர் பிரிக்கிற மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே குறையும், சோடா அதை இன்னும் குறைக்கும்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காக. நெஞ்சில் வருகிற எரிச்சல், பாரம், அழுத்தம் எல்லாமே கேஸ் ஆகிவிடாது. மாரடைப்பும் இப்படியே ஆரம்பிக்கலாம், சில நேரம் மேல்வயிற்றில் மட்டும் வலித்து, குமட்டலும் ஏப்பமும் சேர்ந்து, அப்படியே அஜீரணம் மாதிரி காட்டும். வேர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ போகிறது, மாடிப்படி ஏறினால் கூடுகிறது என்றால் சோடா டப்பா பக்கமே போகாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வெறும் அசதியும் வேர்வையுமாகக்கூட வரும். இன்னொன்று, சோடா குடித்து ஏப்பம் விட்டதும் கொஞ்சம் லேசானது என்பதை வைத்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு செய்ய முடியாது. ஈசிஜி எடுத்தால்தான் தெரியும், சில சமயம் அதையும் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மலையோரத்தில் இருக்கிறவர்கள் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி வந்து சேரவே நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் "பார்ப்போம், சோடா வேலை செய்யட்டும்" என்று வீட்டில் அரை மணி நேரம் போக்குவது பெரிய இழப்பு. நோயாளியை பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவதும் வேண்டாம்.

மாரடைப்பு இல்லாவிட்டாலும், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, சோறு இறங்காமல் தொண்டையில் நிற்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இவை இருந்தால் சோடாவால் மூடி மறைக்க வேண்டாம். சோடாவை அதிகம் குடித்தவருக்குத் தசை துடிப்பதும், கால் வீங்குவதும், பேச்சு குழம்புவதும் வந்தால் அதுவும் ஆஸ்பத்திரிக் கேஸ்தான்.

அடிக்கடி எரிச்சல் வருகிறவர்கள் தினசரிப் பழக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். ரப்பர் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே வெறும் வயிற்றில் கட்டஞ்சாயா குடித்துவிட்டுப் போவார்கள், வேலை முடிந்துதான் சாப்பாடு. முடிந்தால் சாயாவுக்கு முன் ஏதாவது ஒரு வாய் உள்ளே போகட்டும், மட்டிப்பழமோ பழங்கஞ்சியோ, எது ஒத்துவருகிறதோ அது. ராத்திரி மரச்சீனியும் காரமான மீன்குழம்பும் தின்றுவிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறத்தான் செய்யும், படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆட்டம் இல்லாமல் கட்டையோ செங்கல்லோ வைத்து அரை அடி உயர்த்தினால் நல்ல வித்தியாசம் தெரியும். தலையணையை அடுக்குவது அந்தப் பலனைத் தராது, வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும். இடது பக்கம் சாய்ந்து படுப்பதும் உதவும். பீடி சிகரெட், மது இரண்டும் எரிச்சலைக் கூட்டும்.

டாக்டரிடம் போகும்போது "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டால் ஆப்பசோடாவையும் மறக்காமல் சொல்லுங்கள், எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்த அளவு என்று. மருந்தாக நினைக்காததால் பலர் அதைச் சொல்வதே இல்லை. ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் பார்க்க வேண்டுமா என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.