சிறுநீர் உருவாகும் முதல் கட்டம்: ஒரு தாளில் வரைந்து புரிந்துகொள்வோம்

ரத்தத்தில் இருக்கும் கழிவைத் தேடிப் பிடித்து வெளியே தள்ளுவதுதான் சிறுநீரகத்தின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. சின்னதாக இருக்கும் எல்லாவற்றையும் நல்லது கெட்டது பார்க்காமல் முதலில் வெளியே விட்டுவிடுகிறது. வேண்டியதை அப்புறம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இது பிடிபட்டால் மற்றது தானாக விளங்கும். மனப்பாடம் வேண்டாம், வரைந்தே பார்த்துவிடலாம். ஒரு வெள்ளைத் தாளும், சிவப்பு, நீலம் என்று இரண்டு பேனாக்களும் போதும்.

படி 1: ரத்தம் வரும் வழி

தாளின் இடது ஓரத்திலிருந்து சிவப்பில் ஒரு குழாய் வரையுங்கள். இது உட்செல் நுண்தமனி. ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சிறுநீரகங்களுக்கே போய்விடுகிறது. உடல் எடையில் அரை சதவீதம் அளவே இருக்கும் உறுப்புக்கு இவ்வளவு ரத்தம்! ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் வடிகட்டும் நுண்ணலகுகள் ஏறத்தாழ 10 லட்சம் உண்டு. நாம் வரைவது அதில் ஒன்றை மட்டும்.

படி 2: சுருளும் கிண்ணமும்

குழாயின் முனையில் நூல்கண்டு மாதிரி சிவப்பிலேயே கிறுக்குங்கள். இந்தத் தந்துகிச் சுருள்தான் (தந்துகி என்றால் மிக நுண்ணிய ரத்தக்குழாய்) கிளாமருலஸ். அதிலிருந்து வெளியே போகும் குழாயை, உள்ளே வந்ததைவிட மெல்லியதாக வரையுங்கள். இது வெளிச்செல் நுண்தமனி. பிறகு நீலப் பேனாவால் சுருளைச் சுற்றி ஒரு கிண்ணம், அதன் அடியிலிருந்து நீளும் ஒரு வளைந்த குழல். கிண்ணத்துக்குப் பௌமானின் கிண்ணம் என்று பெயர்.

வெளிக்குழாய் ஏன் மெல்லியது என்பதை விட்டுவிடாதீர்கள். உடலின் பெரும்பாலான இடங்களில் தந்துகிகளைத் தாண்டினால் சிரை வரும், அழுத்தமும் தளர்ந்துவிடும். இங்கே தந்துகிக்குப் பிறகும் ஒரு நுண்தமனி, அதுவும் குறுகலானது. அதனால் சுருளுக்குள் ரத்தம் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. வடிகட்டும் வேலை முழுக்க இந்த நெருக்கலை நம்பித்தான் நடக்கிறது.

படி 3: அழுத்தக் கணக்கு

படத்தின் ஓரத்தில் மூன்று எண்களை எழுதுங்கள். சுருளுக்குள் இருக்கும் ரத்தம் வெளியே தள்ளும் அழுத்தம் சுமார் 60 மி.மீ. பாதரசம். ரத்தத்திலேயே தங்கிவிடும் புரதங்கள் தண்ணீரை உள்ளே இழுத்துப் பிடிக்கும் விசை சுமார் 32. கிண்ணத்தில் ஏற்கெனவே இருக்கும் திரவம் எதிர்த்துத் தள்ளுவது சுமார் 18. அறுபதிலிருந்து இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது வெறும் 10. அந்தப் பத்துதான் எல்லாவற்றையும் செய்கிறது.

இப்போது எண்களை மாற்றிப் பாருங்கள். ரத்த இழப்பால் ரத்த அழுத்தம் பலமாக விழுந்தால் 60 குறையும், சிறுநீரும் குறைந்துபோகும். கல் அடைத்து சிறுநீர் பின்னுக்குத் தேங்கினால் 18 ஏறும், வடிகட்டுவது படுத்துவிடும். சாதாரண ஏற்ற இறக்கங்களை நுண்தமனிகள் சுருங்கி விரிந்து சமாளித்துக்கொள்ளும்.

படி 4: சல்லடை

சிவப்புச் சுருளும் நீலக் கிண்ணமும் தொடும் இடத்தில் மூன்று மெல்லிய கோடுகள் போடுங்கள். முதல் கோடு துளைகள் நிறைந்த தந்துகிச் சுவர். ரத்த அணுக்கள் இங்கேயே நின்றுவிடும். நடுவில் அடித்தளச் சவ்வு. மூன்றாவது, போடோசைட் செல்களின் விரல் போன்ற நீட்சிகள்; அவற்றுக்கு இடையே நுண்ணிய பிளவுகள் உண்டு. சல்லடை உருவத்தை மட்டும் பார்ப்பதில்லை. அதில் எதிர்மின்னூட்டம் இருப்பதால், அதே மின்னூட்டம் கொண்ட ஆல்புமின் போன்ற புரதங்களைத் தள்ளியும் விடுகிறது. இந்தச் சல்லடை பழுதானால் சிறுநீரில் புரதம் கசியும்.

படி 5: கிண்ணத்தில் விழுந்தது என்ன?

நீலக் கிண்ணத்துக்குள் எழுதுங்கள்: தண்ணீர், சோடியம், குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், யூரியா, கிரியேட்டினின் (தசைகளிலிருந்து வரும் கழிவு). கழிவும் சத்தும் ஒன்றாகவே விழுந்திருப்பதைக் கவனியுங்கள். இந்த வடிதிரவம் நிமிடத்துக்குச் சுமார் 125 மி.லி., ஒரு நாளைக்கு 180 லிட்டர். உடலில் இருக்கும் பிளாஸ்மாவே, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியே, 3 லிட்டர் அளவுதான். அப்படியென்றால் ஒரே நாளில் அது 60 முறை வடிகட்டப்படுகிறது. அந்த 180 லிட்டரில் இருக்கும் சோடியத்தை உப்பாகக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ வரும்!

படி 6: திரும்ப எடுப்பது

இவ்வளவையும் இழந்தால் உயிர் தங்காது. அதனால் நீலக் குழலிலிருந்து பக்கத்து ரத்தக்குழாய்க்கு அம்புக்குறிகள் போடுங்கள். குழலின் முதல் பகுதியான அண்மைச் சுருள் நுண்குழலிலேயே தண்ணீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்துக்குத் திரும்பிவிடும். குளுக்கோஸ் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பும். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு (100 மி.லி.) சுமார் 180 மி.கி.யைத் தாண்டினால் எடுத்துச் செல்லும் புரதங்களால் ஈடுகொடுக்க முடியாது, மிச்சம் சிறுநீரில் போகும். யூரியாவில் ஏறக்குறைய பாதி திரும்பும், கிரியேட்டினின் திரும்புவதில்லை. சில மருந்துகளும் அமிலமும் ரத்தத்திலிருந்து நேராகக் குழலுக்குள் சேர்க்கப்படுவதும் உண்டு. அதற்கு எதிர்த்திசையில் ஒரு அம்பு போதும். கடைசியில் வெளியே வருவது ஒன்று முதல் இரண்டு லிட்டர்.

லேப் ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். அது படி 5-இல் எழுதிய 125 மி.லி.யின் மதிப்பீடுதான், உடல் பரப்புக்கு ஏற்பச் சரிசெய்து தருவார்கள். கிரியேட்டினின் திரும்பப் போகாததால்தான் அதை வைத்து இதைக் கணக்கிட முடிகிறது. அந்த எண் மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று கொள்வார்கள். ஆரம்பத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலே அது குறையலாம். அதனால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் இந்தப் பரிசோதனையையும், சிறுநீரில் ஆல்புமின் இருக்கிறதா என்ற பரிசோதனையையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்துகொள்ளுங்கள்.