சபையின் சமூக சேவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லுத்தரன் சபை ஒன்றில் சேவைக் குழு ஆரம்பித்தால், முதல் கூட்டத்திலேயே பட்டியல் தயாராகிவிடும்: போர்வை, நோட்டுப் புத்தகம், மருத்துவ முகாம். யாருக்கு என்ன வேண்டும் என்று யாரும் போய்க் கேட்டிருக்க மாட்டார்கள். தனியாக வாழும் முதியவருக்கு மூன்றாவது போர்வை போய்ச் சேரும். அவருக்குத் தேவைப்பட்டதோ, ஆஸ்பத்திரிக்குத் துணையாக வர ஓர் ஆள். பட்டியல் போடுவதற்கு முன் நாலு வீடு ஏறி இறங்கி விசாரியுங்கள்.

அடுத்தது, நிபந்தனை. 'ஆராதனைக்கு வந்தால்தான் உதவிக்கான டோக்கன்' என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், ஆராதனை முடிந்த கையோடு கோயில் வாசலில் டோக்கன் கொடுத்தால் அர்த்தம் அதுதான். லுத்தரன் சபைக்கு இது கொஞ்சமும் பொருந்தாது. நற்கிரியைகள் விசுவாசத்தின் கனி, அவற்றால் பாவமன்னிப்பைச் சம்பாதிக்க முடியாது என்கிறது லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530-ன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை. கடவுளிடம் சம்பாதிக்க ஒன்றும் இல்லை என்றான பிறகு, உதவி வாங்குகிறவரிடம் மட்டும் எதற்கு வசூல்? வாங்குகிறவரை பேனருக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுப்பதும் ஒருவகை வசூல்தான்.

பண விஷயத்தில் நடக்கும் தவறு பழகிப்போன ஒன்று: நம்பிக்கையான ஒருவரிடம் எல்லாவற்றையும் விட்டுவிடுவது. ரசீது, வங்கிக் கணக்கு, பீரோ சாவி எல்லாம் அவர் கையில். 'அவரைப் போய்ச் சந்தேகப்படுவதா?' என்று கேட்பவர்கள், 1523-ல் ஜெர்மனியில் சாக்ஸனியின் லைஸ்னிக் ஊர் என்ன செய்தது என்று பார்க்கலாம். ஏழைகள், முதியோர், அனாதைகள் ஆகியோருக்கு உதவ அந்தச் சபை ஒரு பொதுப் பெட்டி வைத்தது. அதன் சட்டதிட்டத்துக்கு முன்னுரை எழுதியவர், லுத்தரன் சபைகளின் பெயருக்குக் காரணமான சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரே. பெட்டிக்கு நாலு பூட்டு. பிரபுக்கள், நகர மன்றம், நகரவாசிகள், கிராமத்து விவசாயிகள் என்று தரப்புக்கு ஒரு சாவி. நாலு பேரும் வந்தால்தான் திறக்கும். வருஷத்துக்கு மூன்று முறை சபையைக் கூட்டிக் கணக்கு வாசிக்க வேண்டும். சொத்துகளை ஒப்படைக்காமல் நகர மன்றம் இழுத்தடித்ததால் திட்டம் திணறியது உண்மை. ஆனாலும் அந்த நாலு பூட்டு யோசனையில் குறை இல்லை. இன்றைக்கு அது இரண்டு கையெழுத்து, தனித் தணிக்கை, அறிவிப்புப் பலகையில் வரவு செலவு.

பிள்ளைகளோடு வேலை செய்யும் இடத்தில் ஒரு பெரியவரைத் தனியாக விடக் கூடாது. அவர் போதகராக இருந்தாலும் சரி.

அப்புறம், ஊழியத்துக்கான பாடங்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று வேறு சபைப் பிரிவின் ஞாயிறு பள்ளிப் பாடத்தை அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். 'நீ வளர்ந்து முடிவெடுத்தபின் ஞானஸ்நானம் எடு' என்று அதில் இருக்கும். படிக்கிற பிள்ளையோ கைக்குழந்தையாக இருந்தபோதே அதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றிருக்கும். பத்துக் கட்டளைகளின் எண்ணும் இடிக்கும். 'கொலை செய்யாதிருப்பாயாக' லுத்தரன் ஞானோபதேசத்தில் (விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் நூல்) ஐந்தாவது, பல புராட்டஸ்டண்ட் சபைகளில் ஆறாவது. 1529-ன் சிறிய ஞானோபதேசம் இந்தக் கட்டளைக்குத் தரும் விளக்கத்தில், அயலானின் சரீரத் தேவைகள் எல்லாவற்றிலும் அவனுக்கு உதவ வேண்டும் என்பதும் சேர்ந்தே வருகிறது. சேவைக் குழுவுக்கு முதல் பாடமாக வைக்க இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. அதை விட்டுவிட்டு வெளியே தேடுவானேன்?

பிரசங்கக் குறிப்புகளை எடுக்கும்போது, எந்த ஞாயிற்றில் எந்த வேதபகுதி என்று சொல்லும் வாசக அட்டவணையைச் சரிபாருங்கள். சில லுத்தரன் சபைகள் பழைய ஓராண்டுச் சுழற்சியையும், பல சபைகள் மூன்றாண்டுச் சுழற்சியையும் பின்பற்றுகின்றன. மூன்றாண்டுச் சுழற்சியில் மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஆண்டுக்கொரு சுவிசேஷம் முன்னால் நிற்கும். அந்த ஆண்டு ஜனவரியில் தொடங்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த காலமான அட்வெந்தின் முதல் ஞாயிற்றிலேயே மாறிவிடும். இதைக் கவனிக்காமல் டிசம்பர் முழுக்கத் தவறான குறிப்போடு பிரசங்க பீடம் ஏறுபவர்கள் உண்டு. திரையில் போடும் புதிய பாடல்களுக்கு உரிமம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.