கண் நரம்பு வீக்கம் திரும்ப வந்தால்: ஆன்டிபாடி பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு

என் தங்கச்சிக்குக் கண் நரம்பு திரும்பத் திரும்ப வீங்குகிற நோய். திருமங்கலத்திலிருந்து அவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, சுங்குடிச் சேலை விற்கிறவள்.

கண்ணை அசைத்தால் உள்ளே வலி, ஒரு கண்ணில் பார்வை மங்கல் என்றால் கண்களை மாற்றி மாற்றி மூடிக்கொண்டு சிவப்பான எதையாவது பாருங்கள். எங்கள் கடை அரக்குச் சேலை அவளுக்கு ஒரு கண்ணில் அரக்காகவே தெரிந்தது, இன்னொன்றில் பல வருசம் துவைத்தது மாதிரி வெளிறித் தெரிந்தது. அப்படியிருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக் காத்திருக்கிற வியாதி இல்லை இது. அரவிந்த் மாதிரிப் பெரிய கண்ணாஸ்பத்திரியில் கண் நரம்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சீட்டுப் போடும்போதே "முன்னாடியும் வந்திருக்கு" என்று சொல்லிவிடுங்கள்.

திரும்ப வந்திருந்தால் ஆன்டிபாடி பரிசோதனை பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கிருமியைப் பிடிக்க உடம்பு செய்கிற புரதம்தான் ஆன்டிபாடி. சிலருக்கு அது சொந்த நரம்பையே பிடித்துக்கொள்கிறது. தேட வேண்டியது இரண்டு. ஒன்று அக்வாபோரின் 4 ஆன்டிபாடி. நரம்பைத் தாங்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் தண்ணீர் போய்வரும் புரதத்தைத் தாக்குகிறது. 2004-இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் குழு இந்த ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தது. தாக்குவது எதை என்பது அடுத்த வருசம் தெரிந்தது. பெண்களுக்கே அதிகம் வருகிறது. அடி பலமாக விழும், பார்வை முழுசாகத் திரும்பாமலும் போகலாம்.

இன்னொன்று மாக் (MOG) ஆன்டிபாடி, நரம்பின் மைலின் உறையைத் தாக்குவது. இரண்டு கண்ணும் சேர்ந்து மங்கலாம். வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஏற்றினால் பெரும்பாலும் நன்றாகத் தெளியும், அளவைக் குறைக்கும்போது சிலருக்குத் திரும்பிவிடும். தங்கச்சிக்கு இதுதான்.

எது என்று தெரிந்தால் என்ன லாபம்? மூளை, தண்டுவட நரம்புகளின் உறை கெடுகிற மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய்க்குத் தருகிற இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட் போன்றவை அக்வாபோரின் நோயை மோசமாக்கக்கூடும். அக்வாபோரின் பாசிட்டிவ் என்றால் முதல் தடவையிலேயே ரிட்டுக்சிமாப், மைக்கோஃபெனோலேட் போன்று நோய் திரும்பாமல் தடுக்கிற மருந்தைத் தொடங்குவார்கள். மாக் பலருக்கு ஒரே தடவையோடு நின்றுவிடும், அதனால் திரும்ப வருகிறதா என்று பெரும்பாலும் பார்த்துவிட்டுத்தான் நீண்டகால மருந்து.

ரத்தத்தில் பார்ப்பதே போதும். ஸ்டீராய்டு ஏற்றுவதற்கும் பிளாஸ்மா மாற்றுவதற்கும் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு வேறு ஏற்றுவது) முன்னால் ரத்தம் எடுத்துவிட்டால் நல்லது. ரிப்போர்ட் வரட்டும் என்று ஸ்டீராய்டை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. லேபில் "செல் பேஸ்டு அஸ்ஸே முறையா?" என்று கேளுங்கள். அந்தப் புரதம் இருக்கிற செல்லிலேயே ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று பார்க்கிற முறை அது, எலைசா என்கிற இன்னொரு முறையைவிட நம்பகமானது. மாக் ரொம்பக் குறைந்த அளவில் பாசிட்டிவ் என்றால் அது பொய் பாசிட்டிவாகவும் இருக்கலாம், எம்.ஆர்.ஐ.யோடு வைத்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார். நிற்காத விக்கல், வாந்தி, கால் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு இருந்திருந்தால் கண்ணுக்குச் சம்பந்தமில்லை என்று விடாமல் சொல்லுங்கள். அக்வாபோரின் நோய் அப்படியும் வரும்.

வழக்கமாக மெத்தில்பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டைத் தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள் ஏற்றுவார்கள். சர்க்கரை ஏறும், சர்க்கரை வியாதி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பழைய சீட்டை நீட்டி நாமாகவே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கக் கூடாது: வழக்கமான அளவில் மாத்திரை மட்டும் தின்றவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது என்று 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வே சொல்கிறது.

ஏற்றி முடித்தபிறகு டாக்டரே தருகிற ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைக்கும்போது ஒரு நோட்டுப் போடுங்கள், ஒரு பக்கம் தேதி, மறுபக்கம் மில்லிகிராம். எந்த அளவுக்கு இறங்கியபோது மங்கியது என்பதுதான் அடுத்த முறை டாக்டர் கேட்கிற முதல் கேள்வி. ஞாபகத்தில் சொன்னால் தப்பாகிவிடும்.

சித்திரை வெயிலில் பழைய மங்கல் தலைகாட்டும், சாமி பார்க்கக் கூட்டத்தில் நின்றாலும் வரும். சூடு ஏறினால் பழுதான நரம்பு அப்படித்தான். நிழலில் உட்கார்ந்து உடம்பு ஆறினால் தெளிந்துவிடும். தெளியாமல் ஒரு நாள் தாண்டினாலோ, அசைத்தால் வலித்தாலோ, நோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.