ஏஐ ஏஜென்ட்டுக்குக் கருவி விளக்கம் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் படித்து முடித்து எங்களிடம் பயிற்சிக்கு வருபவர்கள் நிரல் நன்றாகவே எழுதுகிறார்கள். அந்த நிரலை ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையை, தேவையான நிரல்களைத் தானே அழைத்துச் செய்யும் ஏஐ) பயன்படுத்துவதற்கான விளக்கத்தை எழுதச் சொன்னால் மட்டும், நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே பிழைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. எழுத்துப்பிழை, ஜேசன் தரவு வடிவில் விட்டுப்போன காற்புள்ளி போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஓட்டிப் பார்த்தால் அவை தாமாகவே வெளிவந்துவிடும்.

ஏஜென்ட் அழைத்துப் பயன்படுத்தும் நிரலைத்தான் கருவி என்கிறோம். ஏஜென்ட்டின் கண்ணுக்கு உங்கள் நிரல் தெரியாது. கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு, எந்த வடிவில் என்ற பட்டியல்), இவ்வளவுதான் அதன் கைக்கு வருகிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையிலும் (ஏஐ செயலிகளை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது விதிமுறை) ஏற்பாடு இதுவே.

அலகு எழுதாமல் எண்ணை மட்டும் தருவது

அணை நீர்மட்டம் சொல்லும் கருவி ஒன்று ‘42’ என்று பதில் தந்தது. அடியா, மீட்டரா, சதவீதமா? அடி என்றே வைத்துக்கொண்டாலும், எந்த அணை? பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 48 அடி. அங்கே 42 என்றால் வெள்ள எச்சரிக்கையை யோசிக்கும் நேரம். பெருஞ்சாணிக்கு முழு மட்டம் 77 அடி. அங்கே அதே 42 பாதியைச் சற்றே தாண்டிய அளவு. அலகையும் உச்ச அளவையும் விளக்கத்திலேயே எழுதுங்கள். தேதிக்கும் இதே கதை: 05/06 என்றால் மேயா, ஜூனா என்று ஏஜென்ட் ஊகிக்கும், ஊகித்ததை உங்களிடம் சொல்லவும் செய்யாது.

பெயரே போதும் என்று நினைப்பது

போதாது.

மறுபடி அழைத்தால் என்ன ஆகும் என்று சொல்லாமல் விடுவது

இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது.

தோவாளை பூச்சந்தையிலிருந்து வெளியூர்க் கடைகளுக்குப் பூ அனுப்பும் ஒரு வியாபாரிக்காகச் செய்த கருவி. அதன் விளக்கம் ஒரே வரி: “பூ ஆர்டரைப் பதிவு செய்யும்.” ஓணத்துக்கு முந்தைய நாட்கள், அத்தப்பூவுக்காகக் கேரளத்திலிருந்து கிரேந்தி கேட்டுக் குவியும் நேரம். சர்வர் திணறியது. முதல் அழைப்பிலேயே ஆர்டர் பதிவாகிவிட்டது. பதில் மட்டும் உரிய நேரத்துக்குள் திரும்பவில்லை. ஏஜென்ட்டுக்குக் கிடைத்தது “பிழை ஏற்பட்டது” என்ற இரண்டே சொற்கள். அது மறுபடி அழைத்தது. பிறகு இன்னொரு முறை. ஒரே ஆர்டர் மூன்றாகி, மூன்று பங்கு கிரேந்தியும் மூட்டை கட்டி வண்டியேறிவிட்டது. கேட்ட கடை ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. மீதி வாடியது வியாபாரியின் கணக்கில்.

“ஏஐ சொதப்பிவிட்டது” என்றார் எழுதியவர். இல்லை. பிழை என்று பதில் வந்தால் மறுபடி முயல்வது நியாயமான செயல். முயலக்கூடாது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. ஆர்டர் பதிவானதா இல்லையா என்று தெரிந்துகொள்ளவும் வழி காட்டவில்லை.

அந்த விளக்கம் இப்படி இருந்திருக்க வேண்டும்:

“புதிய பூ ஆர்டரைப் பதிவு செய்யும், பதிவானதும் சரக்கு கட்டத் தொடங்கிவிடுவார்கள், ரத்து செய்ய முடியாது. எடை கிலோவில். ஆர்டர் எண் கட்டாயம்; அதே எண்ணுடன் மறுபடி அழைத்தால் புதிய ஆர்டர் உருவாகாது, பழைய பதிவே திரும்ப வரும். பதில் வராவிட்டால் எண்ணை மாற்றாமல் ‘ஆர்டர் நிலை’ கருவியில் முதலில் பார்க்கவும். விலை விசாரிக்க மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம்.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எதற்கு அழைக்கக்கூடாது என்று எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. விலை கேட்கப் போன ஏஜென்ட் ஆர்டரே போட்டுவிடும் ஆபத்தைத் தடுப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

மறுபடி அழைத்தாலும் கூடுதல் விளைவு இல்லை என்று சொல்வதற்கென்றே எம்சிபியின் 2025 மார்ச் பதிப்பிலிருந்து ‘ஐடெம்பொட்டென்ட்ஹின்ட்’ என்ற குறி இருக்கிறது. எதையும் குறிப்பிடாவிட்டால், மறு அழைப்புக்கு மறு விளைவு உண்டு என்றே கொள்ள வேண்டும். ஆனால் அது வெறும் குறிப்பு. ஏஜென்ட் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஆகவே குறியும் போடுங்கள், விளக்கத்திலும் எழுதுங்கள், நிரலிலும் தடுப்பு வையுங்கள். நிரல் செய்யாததை விளக்கத்தில் எழுதினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பிழைச் செய்தியை விளக்கத்தின் பகுதியாக நினைக்காதது

“தவறான உள்ளீடு” என்பதால் யாருக்கும் பயன் இல்லை. “எடை 1 முதல் 500 கிலோவுக்குள் இருக்க வேண்டும், வந்தது 5000” என்று எழுதினால் ஏஜென்ட் அடுத்த அழைப்பிலேயே திருத்திக்கொள்ளும். அது படிக்கும் ஆவணங்களில் பிழைச் செய்தியும் ஒன்று.

எல்லாவற்றையும் எழுதித் தள்ளுவது

கருவிகளின் விளக்கம் உரையாடலோடு சேர்ந்தே ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலுக்குப் போகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் டோக்கன் (மாடல் உரையை எண்ணும் சிறு துண்டு) செலவு உண்டு. கருவியின் வரலாறு, எழுதிய குழுவின் பெருமை எல்லாம் வேண்டாம். அந்த இடத்தில் ஓர் உதாரண அழைப்பைக் கொடுங்கள்.

நிரலை மாற்றிவிட்டு விளக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

ஒரே கமிட்டில் (நிரல் மாற்றங்களைச் சேமிக்கும் ஒரு பதிவு) இரண்டும் போக வேண்டும். தனியாக வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.